இடமிருந்து வலமாக

சென்ற நோன்புப் பெருநாளுக்கு மகளும் மருமகனும் சென்னையிலிருந்து வந்திருந்தனர். உடன் பேரனும் வந்திருந்தான். அவனுக்குப் பதினொரு வயது. பெருநாள் பரபரப்பெல்லாம் அடங்கிய மூன்றாம் நாள் பிற்பகல், வீட்டிலுள்ளோர் உண்ட களைப்பில் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், தன் டேப்லட்டை ஏந்தியவாறு என் சாய்வு நாற்காலியின் அருகே வந்து நின்றான்.

“அப்பா, நீங்க இலக்கணமெல்லாம் படிச்சவங்கதானே? இது ஒரு விளையாட்டு. நீங்க ஆடிப் பாருங்களேன்” என்றான்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் தகப்பனாரை ‘வாப்பா’ என்றும் பாட்டனாரை ‘அப்பா’ என்றும் அழைப்பது வழக்கம். நான் அவனுடைய தாயைப் பெற்ற அப்பா. முப்பத்தைந்து ஆண்டுகள் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கோப்புகளிலும் படிவங்களிலும் கழிந்த வாழ்க்கை. இலக்கணம் படித்தவன் என்று பேரன் சொன்னது, இளமையில் தனித்தேர்வராக எழுதித் தேறிய புலவர் பட்டத்தைக் கருதி. அந்தப் பட்டத்தால் எனக்கு ஊதிய உயர்வு ஏதும் கிட்டியதில்லை. பேரனின் மரியாதை ஒன்று கிட்டியிருக்கிறது, போதும்.

வீடியோ விளையாட்டுகளின் மீது எனக்கு நல்லெண்ணம் கிடையாது. துப்பாக்கி வெடிப்பதும், வண்டிகள் மோதுவதும், பிள்ளைகள் உணவை மறந்து விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பதும்தான் நான் கண்டவை. இது குறித்துத் தொலைபேசியில் பேரனுக்கு ஒருமுறை நீண்ட உபதேசமே செய்திருக்கிறேன். ஆகவே, அன்று அவன் கொடுத்ததை வாங்கியபோது விளையாடும் ஆவல் எனக்கு இல்லை. ஒரு பொருளைக் கண்டிப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நேர்மை என்ற எண்ணமே இருந்தது.

திரை கரியதாக இருந்தது. அதில் முயலோ ஆடோ என்று துணிந்து கூற இயலாத ஒரு வெள்ளைப் பிராணி நின்றது. சிறு குழந்தை வரைந்த படம் போன்ற உருவம். கோடுகள் ஓயாமல் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. மேலும் கீழும் சுவர்கள், நடுவே சில கற்கள், வலப்பக்கம் ஒரு மஞ்சள் கொடி. இவற்றோடு நான் எந்த விளையாட்டிலும் எதிர்பாராத ஒன்றும் இருந்தது. ஆங்கிலச் சொற்கள் தனித்தனிக் கட்டைகளாக அந்தத் தரையிலேயே கிடந்தன. ‘பாபா இஸ் யூ’ என்று மூன்று கட்டைகள். ‘வால் இஸ் ஸ்டாப்’ என்று மூன்று. ‘ராக் இஸ் புஷ்’ என்று மூன்று. ‘ஃபிளாக் இஸ் வின்’ என்று மூன்று.

அதாவது, பாபா என்பது நீ. சுவர் என்பது தடை. கல் என்பது தள்ளத்தக்கது. கொடி என்பது வெற்றி. விளையாட்டின் பெயரும் முதல் வாக்கியமேதான்: ‘பாபா இஸ் யூ’.

அந்த வெள்ளைப் பிராணிதான் பாபா. விரலால் இழுத்த திசையில் அது ஓரடி வைத்தது. நான் கல்லைத் தள்ளினேன், கல் நகர்ந்தது. கொடியைத் தொட்டேன், வெற்றி என்றது திரை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“இவ்வளவுதானா தம்பி?” என்றேன்.

அவன் சிரித்தான். அதே நிலையை மறுபடியும் திறந்தான். “இப்ப கல்லைத் தள்ளாதீங்க. அந்த ‘ஸ்டாப்’ங்கிற சொல்லைத் தள்ளுங்க” என்றான்.

தள்ளினேன். ‘சுவர் என்பது தடை’ என்ற வாக்கியத்தின் கடைசிக் கட்டை விலகியது. அதுவரை ஒளியுடன் இருந்த மூன்று சொற்களும் மங்கிப்போயின. “இப்ப சுவரில மோதுங்க” என்றான். மோதினேன். மோதல் ஏதும் நிகழவில்லை. பாபா சுவருக்குள்ளே நடந்து மறுபுறம் வந்து நின்றது.

நான் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சுவர் அங்கேயேதான் இருந்தது. அதன் ஒரு செங்கல்கூட விழவில்லை. ஆனால் அது தடை என்று சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் கலைந்துவிட்டது. இத்தனை நேரமும் என்னைத் தடுத்துக்கொண்டிருந்தது சுவரன்று, அந்த வாக்கியமே என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த அரை மணி நேரத்தில் பேரன் அந்தச் சிறிய தரையில் எனக்குப் பல வேடிக்கைகளைக் காட்டினான். ‘கல்’ என்ற சொல்லை ‘வெற்றி’ என்பதோடு சேர்த்தான்; கல்லைத் தொட்டதே வெற்றியாயிற்று. ‘சுவர்’ என்ற சொல்லை ‘நீ’ என்பதோடு சேர்த்தான். சுவர்க் கட்டங்கள் எல்லாம் ஒருசேர நடக்கத் தொடங்கின. பெயரோடு பெயரைச் சேர்த்தால் உருவமே மாறிவிடும் என்றான். ‘கல் என்பது கொடி’ என்று எழுதினால் தரையில் உள்ள அத்தனை கற்களும் அந்தக் கணமே கொடிகளாகி நிற்கும்.

ஒரு தவற்றையும் செய்து காட்டினான். ‘பாபா என்பது நீ’ என்பதில் ‘நீ’ என்ற கட்டையைத் தள்ளி விலக்கினான். பின்னணியில் ஒலித்துக்கொண்டிருந்த இசை அடங்கிப்போயிற்று. விரலை எந்தப் பக்கம் இழுத்தாலும் எதுவும் அசையவில்லை. பாபா நின்ற இடத்திலேயே நின்றது. தோற்றுவிட்டாய் என்று திரை கூறவில்லை; மணி அடிக்கவில்லை. ‘நீ’ என்று சொல்லத்தக்க எவரும் அந்த உலகில் இல்லை, அவ்வளவுதான். அந்த அமைதி எனக்கு ஏனோ நெஞ்சை என்னவோ செய்தது.

“பயப்படாதீங்க அப்பா” என்று ஓரத்தில் இருந்த பொத்தானை அழுத்தினான். ஓரடி பின்னோக்கிச் சென்றது. சொற்கள் மீண்டும் இணைந்தன; இசை மீண்டும் எழுந்தது. இந்த விளையாட்டில் எத்தனை அடி வேண்டுமானாலும் பின்னோக்கிச் செல்லலாமாம். தொடங்கிய இடம் வரையிலும் செல்லலாம். அதற்குத் தண்டனையும் இல்லை. மதிப்பெண் குறைவதும் இல்லை.

யார் இதைச் செய்தவர் என்று கேட்டேன். பேரன் சொன்னவற்றோடு பின்னர் நானே தேடித் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

செய்தவர் பின்லாந்து நாட்டு இளைஞர் ஒருவர். பெரிய நிறுவனங்களைச் சாராமல், தனியொருவராகவோ சிறு குழுவாகவோ விளையாட்டுகளை உருவாக்குவோர் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள், அவர்களுள் ஒருவர். 2017ஆம் ஆண்டில், குறுகிய கால எல்லைக்குள் ஒரு விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டிய போட்டி ஒன்று டென்மார்க்கில் நடைபெற்றது. ‘அங்கே இல்லை’ என்பது அவ்வாண்டுத் தலைப்பு. ‘இல்லை’ என்ற எதிர்மறைச் சொல்லைப் பற்றி எண்ணத் தொடங்கிய அவருக்கு, நெருப்புக் குழம்பிலும் உருகாமல் கிடக்கும் ஒரு பனிக்கட்டி மனத்தில் தோன்றியதாம். பனிக்கட்டி உருகாது என்று எழுதி வைத்துவிட்டால் அது உருகாதுதானே! அந்த எண்ணமே இந்த விளையாட்டின் வித்து. போட்டியில் வென்ற அந்தச் சிறு வடிவம் வளர்ந்து, 2018இல் தனிப்படைப்பாளர்களுக்கான அனைத்துலக விழாவில் சிறந்த வடிவமைப்புக்கான பரிசையும் சிறந்த மாணவர் படைப்புக்கான பரிசையும் பெற்றது. 2019 மார்ச் மாதம் முழு விளையாட்டாக வெளிவந்தது. கைப்பேசிகளுக்கு 2021இல் வந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட நிலைகள் இதில் உள்ளன.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஹிரோயுகி இமபயாஷி என்பவர் ‘சோகோபான்’ என்ற விளையாட்டை உருவாக்கினார். கிடங்குக் காவலன் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி உரிய இடங்களில் சேர்க்க வேண்டும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. மூலையில் சிக்கிய பெட்டி மூலையிலேயே கிடக்கும். அந்தப் பெட்டிகளுக்குப் பதிலாகச் சொற்களை வைத்ததே பின்லாந்து இளைஞரின் புதுமை. பெட்டி தள்ளியவன் கைக்கு, பெட்டி தள்ளும் சட்டத்தையே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பாபா என்ற பெயருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வளைவான ஓர் உருவத்தையும் கூர்முனைகள் கொண்ட ஓர் உருவத்தையும் காட்டி, இவற்றுள் எது ‘பூபா’, எது ‘கிகி’ என்று கேட்டால், மக்களில் மிகப் பெரும்பாலோர் வளைவானதைப் பூபா என்றும் கூரானதைக் கிகி என்றும் சொல்லிவிடுகிறார்கள். ஒலிக்கும் வடிவுக்கும் இடையே மனித மனம் காணும் உறவு இது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரனும் அவருடன் எட்வர்ட் ஹப்பர்டும் 2001இல் இதைப் பற்றி எழுதியபோது, அமெரிக்க மாணவர்களோடு இந்தியாவில் தமிழ் பேசுவோரிடமும் இக்கேள்வி கேட்கப்பட்டதைக் குறிப்பிட்டனர். அந்த ஒலிகளின் நினைவாகவே பாபா என்றும், கேகே என்றும் தம் பாத்திரங்களுக்கு அவர் பெயரிட்டார். கேகே என்பது விளையாட்டில் வரும் மற்றோர் உருவம்.

அந்த இளைஞரின் பெயரைக் கேட்டபோது நான் புன்னகைத்தேன். ஆர்வி தெய்காரி. முதற்பெயரை நம் காதால் கேட்டால் ‘அர்வி’ என்றே விழுகிறது. இவ்விதழின் வாசகர்களுக்கு அர்வி எதுவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. அரபு எழுத்தில் தமிழை எழுதி, நம் பாட்டிமாரும் தாய்மாரும் போற்றி வந்த அரபுத் தமிழ் அல்லவா அது! இது வெறும் ஒலி ஒற்றுமைதான். பின்லாந்துப் பெயருக்கும் நம் எழுத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனால் அன்று மாலை அந்தப் பெயர் என் மனத்தின் ஓர் ஓரத்தில் தங்கிவிட்டது.

இலக்கணம் படித்தவன் என்று பேரன் அழைத்துவிட்டானே, அதற்கேற்ப ஒன்றைச் சொல்ல வேண்டாமா? ‘இஸ்’ என்ற அந்த நடுக்கட்டையைக் காட்டி, “தம்பி, தமிழுக்கு இது தேவையே இல்லை” என்றேன். ‘சுவர் தடை’, ‘கொடி வெற்றி’ என்றால் போதும். பெயரே பயனிலையாக வந்து நிற்கும். அரபு மொழியிலும் அப்படித்தான். மதரஸாவில் முப்ததா, கபர் என்று ஓதிக் கொடுத்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவன் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்படின்னா இந்த விளையாட்டு ரொம்ப ஈஸியாப் போயிடுமே அப்பா” என்றான்.

உண்மைதான். சில நிலைகள் ஆடிய பின்னரே அவன் கூற்றின் நுட்பம் எனக்குப் புரிந்தது. இந்த விளையாட்டில் பெரும்பாலும் கிடைப்பதற்கு அரியது அந்த ‘இஸ்’தான். பெயர் ஓரிடத்தில் இருக்கும். வெற்றி ஓரிடத்தில் இருக்கும். இரண்டையும் இணைக்கும் அந்தச் சிறு சொல் சுவருக்கு அப்பால் இருக்கும். அதைப் பெற வேண்டுமானால் வேறொரு வாக்கியத்தை உடைக்க வேண்டும். எந்த வாக்கியத்தை இழக்கலாம், எதை இழக்கலாகாது என்பதே ஒவ்வொரு நிலையிலும் எழும் கேள்வி. எல்லா வாக்கியங்களும் நம் கைக்கு எட்டுவதும் இல்லை. சில சுவரின் மூலையில் பதிந்து கிடக்கும். அவற்றைத் தள்ள இயலாது. முதலில் செய்ய வேண்டியது, தரை முழுவதையும் ஒருமுறை படித்து, அசைக்கத் தக்கது எது, தகாதது எது என்று பிரித்தறிவதே.

அஸர் தொழுது வந்த பின்னும் நாங்கள் தொடர்ந்தோம். இப்போது ஆடுவது நான், பேரன் பார்வையாளன். தொடக்க நிலைகளுள் ஒன்றில் ‘கொடி என்பது வெற்றி’ என்ற வாக்கியத்தை நானே கோக்க வேண்டியிருந்தது. மூன்று சொற்களையும் மெல்ல மெல்லத் தள்ளி ஒரு வரிசையில் கொண்டுவந்து சேர்த்தேன். எனக்கு எளிதாக அமைந்த முறையில், வலக்கோடியில் ‘கொடி’, அதன் இடப்பக்கம் ‘இஸ்’, அதற்கும் இடப்பக்கம் ‘வெற்றி’. மூன்றும் அருகருகே நின்றன. பெருமிதத்தோடு கொடியின் மீது போய் நின்றேன். ஒன்றும் நிகழவில்லை. சொற்களைப் பார்த்தேன். மூன்றும் மங்கியே கிடந்தன.

“ஏன் எரியவில்லை?” என்றேன்.

“அப்பா, இது இடமிருந்து வலமாத்தான் படிக்கும். இல்லேன்னா மேலேருந்து கீழே. வலப்பக்கத்திலேருந்து எழுதினா அது வாக்கியமாவே கணக்கில்லை.”

“சொற்கள் மூன்றும் இருக்கின்றனவே?”

“இருக்கு. ஆனா அதுக்குப் படிக்கத் தெரியாது.”

அவன் விளையாட்டைத்தான் சொன்னான். விளையாட்டுக்கு அப்படிப் படிக்கத் தெரியாது என்றான். ஆனால் அந்தச் சொற்கள் என் காதில் விழுந்தபோது, நான் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மேசையின் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

1976ஆம் ஆண்டு. வாப்பா மவுத்தாகி நான்கு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. உம்மா இத்தா முடிந்து வெளியே வரத் தொடங்கிய நேரம். வாப்பாவுக்கு வரவேண்டியிருந்த ஒரு சிறு தொகையைப் பெறுவதற்காக உம்மாவைப் பக்கத்து நகரில் இருந்த ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். நான் எழுத்தர் வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. படிவங்களை நிரப்புவதில் எனக்கு அப்போது ஒரு செருக்கே இருந்தது. அங்கிருந்தவர் நீட்டிய படிவத்தை வாங்கி, நின்றவாறே மளமளவென்று எழுதினேன். ‘விண்ணப்பதாரர் எழுதப் படிக்கத் தெரிந்தவரா?’ என்று ஒரு வரி இருந்தது. நான் தயங்கவே இல்லை. ‘இல்லை’ என்று எழுதினேன்.

உம்மா என் தோளருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைப்பெட்டி முன்னே நகர்த்தப்பட்டபோது, என்னிடம் மெதுவாக, “நான் கையெழுத்துப் போடுவேனே வாப்பா” என்றார்கள். என்னை அவர்கள் வாப்பா என்றே அழைப்பார்கள். ஆண்மக்களை அப்படி அழைப்பது தாய்மாரின் பிரியம்.

உம்மாவுக்குத் தெரிந்தது அர்வி எழுத்து. ஏழு வயதில் தெரு ஆலிமாவிடம் ஓதக் கற்றபோதே அதையும் கற்றுக்கொண்டவர்கள். அந்த எழுத்தில் அச்சான மார்க்க நூல்களையும் மாலைகளையும் இரவில் உரக்கப் படிப்பார்கள். நான்கு வீட்டுப் பெண்கள் கூடியிருந்து கேட்பார்கள். வாப்பா கொழும்பில் வணிகம் செய்த காலத்தில் அவர்களுக்கு மாதம் இரண்டு கடிதங்கள் அந்த எழுத்திலேதான் போகும். வீட்டுக் கணக்கு முழுவதும் அந்த எழுத்திலேதான். பேசுவது தமிழ், எழுதுவது தமிழ், படிப்பது தமிழ்; திசை மட்டும் வலமிருந்து இடம்.

நான் மேசைக்கு அப்பால் இருந்தவரைப் பார்த்தேன். அவர் உதட்டைப் பிதுக்கி, “தமிழிலோ இங்கிலீஷிலோ போடச் சொல்லுங்க” என்றார். அவரிடம் அது தமிழ்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்களை எண்ணி எனக்கு வெட்கமாக இருந்தது. “அதெல்லாம் இங்கே செல்லாது உம்மா” என்று அவர்கள் விரலைப் பற்றி மையில் வைத்தவன் நானே.

அதன் பின் உம்மா எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் பற்றிப் பேசியதில்லை. தாமாகவே பெருவிரலை நீட்டிவிடுவார்கள். 1991இல் அவர்கள் மறையும் வரையில் எல்லாத் தாள்களிலும் அவர்கள் கைநாட்டே. நானோ முப்பத்தைந்து ஆண்டுகள் படிவங்களுக்கு இடையே வாழ்ந்தேன். எந்த மொழியிலேனும் பொருள் உணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவு பெற்றவர் என்பதுதான் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வைத்திருக்கும் இலக்கணம். இதைப் பணியில் இருந்தபோதே நான் அறிவேன். அறிந்தும், அந்த ஒரு வரியோடு பொருத்திப் பார்த்ததில்லை. அந்த வாக்கியம் சுவரைப் போல நின்றுவிட்டது. அதை எழுதியது என் கை என்பதே மறந்துபோயிற்று.

“அப்பா, உங்க முறை” என்றான் பேரன்.

நான் டேப்லட்டை அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளறைக்குச் சென்றேன். பரணில் தகரப் பெட்டி இருந்தது. அதில் உம்மாவின் கணக்கு நோட்டுகள் மூன்று இருந்தன. அவர்கள் மறைந்தபோது எடுத்து வைத்தவை. வெறும் கணக்குகள்தானே என்று நான் அவற்றைப் பிரித்துப் படித்ததில்லை. ஒன்றை எடுத்து வந்து பேரனின் மடியில் வைத்தேன்.

“இதைப் படி பார்ப்போம்.”

“இது அரபியா அப்பா? எனக்கு அர்த்தம் தெரியாதே.”

“நீ ஓது. அர்த்தம் தானாக வரும்.”

குர்ஆன் ஓதும் பிள்ளை ஆதலால் எழுத்துகளைக் கூட்டத் தொடங்கினான். இரண்டாவது சொல்லிலேயே நின்றான். “இந்த எழுத்து குர்ஆனில் இல்லையே?” என்றான். அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்காக, அரபு எழுத்துகளோடு புள்ளியும் குறியும் கூட்டி நம் முன்னோர் ஆக்கிக்கொண்ட எழுத்துகள் சில உண்டு என்று சொல்லி, அந்த எழுத்தின் ஒலியைச் சொன்னேன். அவன் மறுபடியும் கூட்டினான். தே... தேங்... தேங்காய். பிறகு நாலு. விரல் அப்படியே நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“அப்பா, இது தமிழ்!”

“ஆம்.”

“தேங்காய் நாலு! இது யார் எழுதினது?”

“என்னைப் பெற்ற உம்மா.”

அவன் வியப்பைச் சொல்லி முடியாது. புதிய விளையாட்டு ஒன்று கிடைத்துவிட்டவனைப் போல வரிவரியாகக் கூட்டலானான். மாசிக்கருவாடு கால் கிலோ. சலவைக்கு இரண்டு ரூபாய். மண்ணெண்ணெய். ஓரிடத்தில், “மகன் கடிதம் வந்தது, காய்ச்சல் தேவலை” என்று வாசித்தான். அந்த மகன் நான்தான் என்று தெரிந்தபோது, “உங்களுக்குக் காய்ச்சலா?” என்று இன்றைக்கு வந்ததைப் போலக் கேட்டான். மஃரிபு பாங்கு ஒலிக்கும் வரையில் டேப்லட் நாற்காலியின் கீழே கிடந்தது.

அன்றிரவு எல்லோரும் உறங்கிய பின் நான் மட்டும் விளக்கடியில் அந்த நோட்டுகளைப் புரட்டினேன். எனக்கும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பேரனைக் காட்டிலும் மெதுவாகவே கூட்ட முடிந்தது. தேடியது கிடைத்தது. அலுவலகத்துக்குச் சென்று வந்த நாளின் கணக்கு. பஸ் கட்டணம் போக வர இரண்டு பேருக்கு. மகனுக்குக் காப்பி. வரவு என்ற இடத்தில் அந்தத் தொகை. அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள். கைநாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எந்தப் பெருவிரலை நான் மையில் வைத்தேனோ, அந்த விரல் பிடித்த பேனாவால் அன்று மாலையே அந்தக் கணக்கை எழுதியிருக்கிறார்கள்.

பின்னோக்கிச் செல்லும் பொத்தானை அன்றிரவு நான் நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றி மேலும் எழுதுவதற்கில்லை.

இந்த விளையாட்டைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாமா என்று கேட்போருக்கு என் முதல் எண்ணங்களைச் சொல்லிவிடுகிறேன். இதில் துப்பாக்கி இல்லை, குருதி இல்லை, ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் இடையிடையே விளம்பரம் வந்து தொல்லை செய்வதில்லை. காலக்கெடு வைத்து விரட்டுவதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திரையைப் பார்த்துச் சிந்தித்துக்கொண்டிருக்கலாம். எளிய ஆங்கிலச் சொற்கள் தெரிந்த பிள்ளைக்கு வாக்கியம் என்றால் என்ன, விதி என்றால் என்ன என்பதைக் கைதொட்டு உணர்த்துகிறது. இவை நிறைகள். குறையும் உண்டு. முதற்சில நிலைகளின் கனிவு பின்னர் இல்லை; திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது. சிக்கிக்கொண்டவனுக்கு வழிகாட்டுவார் எவரும் இல்லை. பொறுமையற்ற பிள்ளை சினந்து எறிந்துவிடக்கூடும். ஆகவே பெரியவர் ஒருவர் அருகே அமர்ந்து ஆடுவது நல்லது. அருகே அமர்ந்தால் பெரியவர்களும் ஏதேனும் கற்றுக்கொள்ளக்கூடும்.

மறுநாள் அவர்கள் புறப்பட்டார்கள். போகும் முன் பேரன் கணக்கு நோட்டின் சில பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டான். என் கைப்பேசியிலும் அந்த விளையாட்டை ஏற்றி வைத்துவிட்டுப் போனான். தொடக்க நிலைகளைக் கடந்து ஏரி என்ற பகுதிக்கு வந்திருக்கிறேன். அங்கே ஒரு நிலையில் நான்கு நாட்களாக நிற்கிறேன். தரையில் உள்ள எல்லா வாக்கியங்களையும் படித்துவிட்டேன். எதை அசைக்க வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை.

நேற்று அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதிய ஒரு வரி. எழுத்து அரபு எழுத்து. வலப்பக்கத்திலிருந்து கூட்டிப் படித்தேன்: “அப்பா எந்த நிலை?”

‘ந’வுக்குரிய இடத்தில் வேறோர் எழுத்தை இட்டிருந்தான். அதைத் திருத்தி, கீழே அதே எழுத்தில் விடை எழுதி, படமெடுத்து அனுப்பினேன்: “இன்னும் ஏரிக்கரையில்தான்.”